மூலைக் கழிக்கு இடப்பக்கம்

2024 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். பால் பாக்கெட்டுகளைக் கழுவி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். வாரம் முழுவதற்குமான சட்டைகளைத் தேய்த்து, உடுத்தும் வரிசையில் மாட்டினேன். கல்லூரிக்கு செமஸ்டர் விடுமுறை என்பது எல்லாவற்றையும் தேய்த்து முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் வரிசையைக் கலைக்கவில்லை. மழை விட்டுச் சில நாட்கள் ஆகியிருந்தன. மொட்டை மாடியில் தண்ணீர் வடியும் துளையை அடைத்திருந்த சருகை அகற்றினேன். இட்லி சாப்பிட்டுவிட்டு, பொன்னேரி பேருந்து நிலையத்துக்கு நடந்து போய்ப் பழவேற்காடு பஸ்ஸில் ஏறினேன். பையில் லேப்டாப்பும் ஒரு பொட்டலம் பனங்கற்கண்டும் இருந்தன. கற்கண்டு என் மச்சினி கேட்டது. லேப்டாப் சகலை கேட்டது. அன்று சாயங்காலம் அவருடைய குப்பத்தில் கிராமம் கூடுவதாக இருந்தது. ஒரு புகைப்படத்தைப் பற்றிப் பேசுவதற்காக. அந்தப் படத்தை எடுத்தவர் சகலை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். நானும் ஏரிக்கரையில் பிறந்தவன்தான். என் அப்பாவும் வலைதான் போட்டார். நான் படித்து, பொன்னேரியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். அதனால் குப்பத்தில் எனக்குப் பெயர் ‘காலேஜு’. சகலை பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு ஏரியில் இறங்கினார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அக்கா தங்கையைக் கட்டிய உறவும், பின்னாளில் அவருக்குப் பிடித்த கேமராப் பைத்தியமும். என் கல்லூரியில் ஒருவர் புதிய கேமரா வாங்கியபோது தள்ளிவிட்ட மிரர்லெஸ் கேமரா ஒன்றை அவர் வாங்கிக்கொண்டார். அதற்கான புது லென்ஸ்களின் விலையைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தார். பிறகு சென்னையில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றிலிருந்து, ஃபிலிம் காலத்து இரும்புக் குழாய் போன்ற இருநூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும், கூடவே ஒரு டபுளரையும் கொண்டுவந்தார்.

டபுளர் என்பது டெலிகன்வர்ட்டருக்குப் பழைய ஸ்டுடியோக்காரர்கள் வைத்த பெயர். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் குட்டையான கறுப்புக் குழல். உள்ளே சில கண்ணாடிகள். இருநூறை நானூறாக்கிவிடும். சகலை கொண்டுவந்ததில் ‘2X’ என்ற எழுத்தின் வெள்ளை பாதி போயிருந்தது, விளிம்பில் பூஞ்சை ஒரு நூலளவு ஓடியிருந்தது. எல்லாம் திருகு மரை. கேமராவில் முதலில் அடாப்டர் வளையம், வளையத்தில் டபுளர், டபுளரில் லென்ஸ் என்று ஒவ்வொன்றாகத் திருகி முடிக்கும்போது மொத்தமும் ஒரு முழங்கை நீளத்துக்கு வந்துவிடும். ஃபிலிம் கேமராவில் இதை மாட்டியவர்களுக்கு டபுளர் என்றாலே எரிச்சல். அது பிம்பத்தை இரண்டு மடங்காக்கும்போது ஒளியை நாலில் ஒன்றாக்கிவிடும். வ்யூஃபைண்டர் இருண்டு, எது பறவை, எது நாணல் என்று தெரியாது. மிரர்லெஸ் கேமராவில் அந்தத் தொல்லை இல்லை. அதன் கண்ணுக்குள் தெரிவது ஒரு சிறு திரை. ஒளி குறைந்தால் தானே வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும். கூர்மை விழும் இடத்தின் விளிம்பில் சிவப்புப் பூசிக் காட்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த இடத்தைப் பெரிதாக்கியும் காட்டும். ஒரு காலத்தில் மூலையில் கிடந்த பொருள் இந்தக் கேமராக்கள் வந்தபின் மறுபடி பிழைத்துக்கொண்டது.

ஆனால் சில விஷயங்களை நாம்தான் கேமராவுக்குச் சொல்ல வேண்டும். பழைய லென்ஸில் மின்தொடர்பு கிடையாது. லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று அமைப்பில் மாற்றி வைக்காவிட்டால் கேமரா அசையாது. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதிக்கு ‘நானூறு’ என்று கையால் எண்ணைப் போட வேண்டும். டபுளரைக் கழற்றியதும் மறக்காமல் இருநூறாக்க வேண்டும். லென்ஸின் துளையை ஒரு படி சுருக்கினால்தான் வெள்ளைச் சிறகின் ஓரத்தில் ஊதா நிறம் கசியாமல் இருக்கும். ஏனென்றால் டபுளர் பிம்பத்தோடு சேர்த்து லென்ஸின் குறைகளையும் இரண்டு மடங்காக்கும். வெயில் ஏறிவிட்டால் ஏரிமேல் கானல் கிளம்பும். பிறகு எவ்வளவு நல்ல கண்ணாடியும் பயனில்லை. எடுத்த படத்தின் விவரத்தில், லென்ஸ் என்ற இடத்தில் வெறும் கோடு இருக்கும். “இந்தக் கேமராவுக்கு மூக்குல இன்னா மாட்டிக்கீதுன்னே தெரியாது சகல, குருட்டு நம்பிக்கைல வேல செய்யுது” என்பார் சகலை.

சகலை சென்ற ஆவணியில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். காரியம் முடிந்த பிறகு மச்சினி கேமராப் பையை என்னிடம் கொடுத்தாள். “நீங்க வெச்சிக்கோங்க மாமா. இத்த வெச்சிக்கினு நான் இன்னா எறாவா புடிக்கப் போறேன்?” என்றாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போகிறேன். பூநாரைகளைவிட எனக்குப் படகுகளே நன்றாக வருகின்றன. படகில் ஏறிப் போய் எடுப்பதில்லை. அதற்குக் காரணம் அந்த டிசம்பரில் நடந்ததுதான்.

அதைச் சொல்வதற்குப் பாடு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். முகத்துவாரத்துக்கு உள்ளே, இறால் ஓடும் ஆழமான இடங்களில் கழி ஊன்றிச் சுத்து வலை கட்டுவார்கள். அந்த இடத்துக்கும் பாடு என்று பெயர், அங்கே வலை கட்டும் முறைக்கும் பாடு என்றே பெயர். எல்லோரும் ஒரே நாளில் அங்கே போக முடியாது. குலுக்கல் போட்டு யாருக்கு எந்த நாள் என்று வரிசை வைத்திருப்பார்கள். ஒரு விடியலில் தொடங்கி மறு விடியல் வரை அந்த இடம் ஒருவருக்குச் சொந்தம். “இன்னிக்கு யார் பாடு?” என்பது குப்பத்தில் காலைக் காப்பிக்கு முன்னால் கேட்கும் கேள்வி. ஒருவர் பாட்டில் இன்னொருவர் படகு நுழைந்தால், நுழைந்தவர் அந்தச் சுற்றில் தன் பாட்டை இழக்க வேண்டும். அடுத்த குலுக்கல் வரை வெறும் கை. பாட்டின் எல்லைக்கு ஒரு மூலைக் கழி உண்டு. தூரத்தில் கலங்கரை விளக்கம் தெரியும். கணக்கு எளிது. படகில் நின்று பார்க்கும்போது கலங்கரை விளக்கம் கழிக்கு வலப்பக்கம் தெரிந்தால் வெளியே இருக்கிறோம், இடப்பக்கம் தெரிந்தால் உள்ளே வந்துவிட்டோம். இது அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். சோற்றுக்கை, பீச்சாங்கை என்று சொல்லிக்கொடுக்கும்போதே இதையும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

அந்த மாதம் அமாவாசைப் பாடு சகலையின் பெரியப்பா மகனுக்கு விழுந்திருந்தது. குப்பத்தில் அவரைப் பெரிய வீட்டு அண்ணன் என்பார்கள். அமாவாசை இருட்டில் இறால் ஓட்டம் அதிகம். அந்த நாள் விழுந்தவர் வீட்டில் அன்றைக்கே பேச்சும் நடையும் மாறிவிடும். அவருக்கு அடுத்த பெயர் சகலையுடையது. அதாவது அமாவாசைக்கு மறுநாள். அண்ணனும் சகலையும் அடுத்தடுத்த வீடு. ஆனால் கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழுவது என்ற விஷயத்தில் பல வருடமாகப் பேச்சில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நடுவில் ஒரு ஆளோ, ஆடோ, கோழியோ வேண்டும். “ஏய் கோழி, உன் வூட்டுக்காரன்கிட்ட சொல்லு, மோட்டாரு ஓடிக்கினே கீதுன்னு” என்று அண்ணன் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். சகலை உள்ளேயிருந்து, கோழிக்கு நன்றி சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தினார்.

அமாவாசைக்கு முந்தைய வாரத்தில் ஒரு காலை. அன்று வடக்குத் தெருக்காரர் ஒருவருடைய பாடு. சகலை சின்னப் படகைக் கழியால் தள்ளிக்கொண்டு பூநாரை எடுக்கப் போயிருக்கிறார். முழங்கால்மேல் முழங்கையை ஊன்றி, மூச்சை விட்டு நிறுத்தி, எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது கண்ணாடிக்குள், பறவை வரிசைக்கு முன்னால், ஒரு படகில் அண்ணன் நின்று வீச்சு வலையைச் சுழற்றி எறிந்தார். வலை காற்றில் முழு வட்டமாக விரிந்த நொடியில் சகலை அழுத்திவிட்டார். பேச்சில்லாத அண்ணன்தான், ஆனாலும் படம் படம்தானே. வீட்டுக்கு வந்ததும் அதை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாக வைத்தார். கீழே ‘ஷோக்கு’ என்று ஒரே சொல் எழுதியிருந்தார்.

வடக்குத் தெருக்காரர் ஒருவர் அதைப் பார்த்து, கைபேசித் திரையிலிருந்தே பிடித்து எல்லோருக்கும் அனுப்பினார். அவர் பார்த்தது வலையின் வட்டத்தை அல்ல. அண்ணன் படகை ஒட்டினாற்போல மூலைக் கழி நின்றது. கழிக்கு இடப்பக்கம் கலங்கரை விளக்கம் தெரிந்தது. இடப்பக்கம் என்றால் உள்ளே. எங்கள் பாட்டில் அவன் வலை வீசியிருக்கிறான் என்று பிராது கொடுத்துவிட்டார்கள். அண்ணன் சத்தியம் செய்தார், கத்தினார், பிறகு கத்துவதை நிறுத்திவிட்டார். படம் இருக்கிறதே. தீர்ப்பு அப்படியே ஆனால் அவர் அமாவாசைப் பாட்டை இழப்பார், வரிசைப்படி அது சகலைக்கு வரும். இது எல்லோருக்கும் தெரிந்ததால் சகலைக்கும் ஏச்சு. தண்ணீர்க் குழாயடியில் அண்ணி, “கூடப் பொறந்த ரத்தத்தப் படம் புடிச்சி வித்தவனுக்கு எறா கேக்குதாம் எறா” என்று மச்சினியின் குடத்தைப் பார்த்துச் சொன்னாளாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது சகலை வாசலில் உட்கார்ந்து வலைக் கண்ணி பின்னிக்கொண்டிருந்தார். மச்சினி கற்கண்டை வாங்கிக்கொண்டு காப்பி கொடுத்தாள். லேப்டாப்பில் படத்தைத் திறந்தேன். கைபேசியில் பார்த்ததைவிடப் பெரிய திரையில் அது வேறு படமாக இருந்தது. வலையின் விளிம்பும் அண்ணன் தோளின் நரம்பும் கூர்மையாக இருந்தன. கழி மட்டும் மசமசவென்று இருந்தது. கூர்மை அண்ணன்மேல் விழுந்திருக்கிறது, கழி அந்தத் தூரத்தில் இல்லை, அதற்கு வெகு முன்னால், எடுத்தவருக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். படகும் கழியும் ஒட்டியிருப்பதாகத் தெரிவது தூரத்திலிருந்து பார்ப்பதால் வரும் தோற்றம். டபுளர் எதையும் நெருக்குவதில்லை. ஏற்கெனவே நெருங்கித் தெரிவதில் நடுத் துண்டை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். நான் இதைச் சொல்லிவிட்டு, அடுத்ததை யோசித்துக்கொண்டே சொன்னேன்.

“சகல, கழிக்கு இடப்பக்கம் லைட் அவுஸ் தெரிஞ்சா, பாக்கறவன்தானே உள்ள இருக்கான்?”

“ம்.”

“இதைப் பாத்தது கேமரா.”

“ம்.”

“அப்போ பாட்டுக்குள்ள நின்னது அவர் படகு இல்ல. உன் படகு.”

அவர் கண்ணி போடுவதை நிறுத்தவில்லை. “தெரியும் சகல. ஸ்டேட்டஸ் வெச்ச அன்னிக்கு சாயங்காலமே தெரியும். மூணு பேரு போன் பண்ணி மாட்னான்டா உங்கண்ணன்னு சொன்னாங்க. அப்பறம் போட்டோவப் பாத்தேன். மாட்னவன் நானு.”

உள்ளேயிருந்து மச்சினி வந்து நின்றாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. “நீ வாயத் தொறந்தா உம்பாடும் போவும், அமாவாசையும் போவும். வாய மூடிக்கினு இருந்தா ரெண்டும் நம்மளுது. நீ ஒண்ணும் பொய் சொல்லல. அவங்களா பாத்தாங்க, அவங்களா சொன்னாங்க. மாமா, நீங்களாவது சொல்லுங்க இந்த மனுசனுக்கு” என்றாள்.

நான் லேப்டாப்பை மூடினேன். சொல்ல வேண்டியது என் பாடு அல்ல. அந்த வருடம் மழையில் அவர்கள் வீட்டுப் படகு இன்ஜின் பழுதாகிக் கடலுக்குப் போவது நின்றிருந்தது. பாட்டை நம்பித்தான் தையை ஓட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

“ஏன் லேப்டாப் கொண்டாரச் சொன்ன?” என்று கேட்டேன்.

“பெருசா காட்டினாதான் கழி மங்கலா கீறது தெரியும்னு நெனச்சேன்” என்றார்.

“அப்போ சொல்றதுன்னு முடிவு பண்ணிட்ட.”

“முடிவு பண்ணல. கொண்டாரச் சொன்னேன், அவ்ளோதான்.”

கிராமம் வலைக் கொட்டகையில் கூடியது. வெயில் சாய்ந்து, தூண்களின் நிழல் ஏரிக்குப் போயிருந்தது. ஆண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் கொட்டகைக்கு வெளியே நின்றார்கள், ஆனால் பேச்சில் பாதி அங்கிருந்துதான் வந்தது. அண்ணன் ஒரு தூணில் சாய்ந்து யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். தலைவர் வயதில் பெரியவர் இல்லை, ஆனால் அவசரப்படாதவர். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொள்வார்.

“படம் எடுத்தது நீதானே?”

“நான்தான்” என்றார் சகலை.

“அதுல இருக்கிற படகு யாருது?”

“பெரிய வூட்டு அண்ணனுது.”

“அது எந்தக் கழி?”

“மூலக் கழி.”

“லைட் அவுசு எந்தப் பக்கம்?”

“எடப்பக்கம்.”

பிராது கொடுத்த வடக்குத் தெருக்காரர் எழுந்துவிட்டார். “அப்பறம் இன்னா பேச்சு? எடப்பக்கம்னா உள்ள. கூடப் பொறந்தவனே சொல்றான். முடிஞ்சிபோச்சு, எய்ந்து போலாம்.”

சகலை எழவில்லை. எழுந்து போயிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் லேப்டாப்பை மடியில் மூடியபடி வைத்திருந்தேன். அவர் ஒரு முறை மச்சினி நின்ற பக்கம் பார்த்தார். பிறகு வடக்குத் தெருக்காரரிடம் திரும்பினார்.

“எடப்பக்கம்னா உள்ள, செரி. யாரு உள்ள?”

“இன்னா கேள்வி இது? படத்துல எவன் கீறானோ அவன்.”

“இரு. நீ ஏரியில நிக்கிற. லைட் அவுசு கழிக்கு எடப்பக்கம் தெரியுது. யாரு உள்ள?”

“நான்.”

“உனுக்கு எதுக்க தூரத்துல ஒத்தன் போறான். அவன் உள்ளயா?”

“அவன் எப்பிடிடா உள்ள? பாக்கறது நானாச்சே.”

“இதுல பாக்கறது யாரு?”

கொட்டகையில் பலருடைய கைகள் தம்மையறியாமல் எழுந்து, முன்னால் ஒரு கழி இருப்பது போலக் காற்றில் இடமும் வலமும் அளந்து பார்த்தன. அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை. அவர்கள் அறியாமையால் தவறவில்லை. அந்தக் கணக்கை அவர்கள் பிறந்ததிலிருந்து தம் படகில் நின்றே போட்டுப் பழகியவர்கள். படகும் கழியும் கலங்கரை விளக்கமும் ஒரு சட்டத்துக்குள் வந்ததும், தம்மை அறியாமல் படத்தில் தெரிந்த படகில் போய் ஏறி நின்றுகொண்டார்கள். படம் பார்க்கிறவர்கள் எடுத்தவன் நின்ற இடத்தை நினைப்பதில்லை. என் ஆய்வகத்திலும் மாணவர்கள் அளவுகோலைப் பார்ப்பார்கள், தம் கண் எங்கே இருக்கிறது என்பதை மறந்துவிடுவார்கள்.

தலைவர் துண்டை உதறிப் போட்டார். “அப்போ பெரிய வூட்டுப் படகு எங்க?”

சகலை என்னைக் காட்டினார். நான் லேப்டாப்பைத் திறந்து, கழி மங்கலாக இருப்பதையும் வலை கூர்மையாக இருப்பதையும் காட்டி, டபுளர் என்ன செய்யும் என்பதையும் சுருக்கமாகச் சொன்னேன். படகு கழியைத் தாண்டி வெகு தூரத்தில், வீச்சு வலை யாரும் போடக்கூடிய பொதுத் தண்ணீரில் இருந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் திரைக்கு முன்னால் தலையை நுழைத்துப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “டபுளர் போட்டு டபுள் கேம் ஆடுறாண்டா இவன். நேத்து வரிக்கும் வாயத் தொறக்கல. பெரிய வூட்டு மீன் கொழம்பு அவ்ளோ ருசியா கீதா நைனா?” சிரிப்பு கிளம்பியது. வெளியே நின்ற அண்ணி, “எவண்டா அவன்? எங்கூட்டுக் கொழம்ப அவன் மோந்தே எத்தினி வருசம் ஆவுதுன்னு கேளு!” என்று கத்தினாள். இதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பில் பிராது பாதி கரைந்துவிட்டது.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. “நீ உள்ள இருந்த.”

“இருந்தேன்.”

“வலை?”

“வலை இல்ல. படகு இருந்தது. கேமரா இருந்தது.”

வலை இல்லாதபோது என்ன தப்பு, பறவைதானே எடுத்தான் என்று இரண்டொருவர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் வடக்குத் தெருக்காரரும் இருந்தார். தலைவர் அதைக் கேட்டுவிட்டு, “கழி வலைக்கு மட்டும் ஊணல. படகு போனாலே எறா ஒதுங்கும். இன்னிக்கு கேமராவுக்கு வுட்டா நாளைக்கு ஒத்தன் தூண்டிலத் தூக்கிக்கினு வருவான்” என்றார். அமாவாசைப் பாடு பெரிய வீட்டுக்கே. சகலைக்கு அடுத்த குலுக்கல் வரை பாடு இல்லை. அவருடைய நாள் வரிசையில் அடுத்தவருக்குப் போகும். சகலை தலையை அசைத்தார். மச்சினி அங்கே நிற்கவில்லை, உலை வைக்கப் போயிருந்தாள். அன்று இரவு அவள் எல்லோருக்கும் சோறு போட்டாள், என்னோடு பேசினாள், அவரோடு பேசவில்லை.

கிராமம் கலைந்து நாங்கள் புறப்படும்போது அண்ணன் வழியில் நின்றிருந்தார். சகலை ஒரு கை தூரத்தில் நின்றார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

“காலேஜு, உன் சகலகிட்ட ஒண்ணு சொல்லு.”

“சொல்லுங்கண்ணே.”

“அந்தப் போட்டோவ ஒண்ணு பெருசா போட்டுக் குடுக்க முடியுமான்னு கேளு. வலை நல்லா வுழுந்துகீது. வூட்ல கேக்குறா.”

நான் திரும்புவதற்குள் சகலை என்னிடம் சொன்னார். “எந்த சைஸுன்னு கேளு சகல.”

“காலண்டர் சைஸுக்கு இருந்தா போதும்னு சொல்லு” என்றார் அண்ணன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கழியைக் கரையேற்றிக் காயவைக்க வேண்டும் என்று யாரும் கேட்காத ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் போனார். சகலை வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் அதை நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் திங்கள், அமாவாசை. நானும் சகலையும் எழுந்து வெளியே வந்தபோது பெரிய வீட்டுப் படகு ஏற்கெனவே பாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சகலை அதைப் பார்த்துவிட்டு, பல் துலக்கி, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டார். கேமராவை எடுக்கவில்லை. படத்தை ஒரு பென் டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தார், பஸ்ஸில் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். பொன்னேரியில் ஸ்டுடியோவை அப்போதுதான் திறந்து வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வேலை எங்களுடையதுதான். ஸ்டுடியோக்காரர் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். நல்ல படம் என்றார். கழியின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“இந்தக் குச்சி மங்கலா இடைஞ்சலா நிக்குது. அழிச்சிடட்டுமா? படகு தனியா எடுப்பா தெரியும்.”

சகலை குனிந்து திரையைப் பார்த்தார்.

“வேணாம். அத்த எடுத்துட்டா நான் அங்க இருந்ததே தெரியாது.”

ஸ்டுடியோக்காரருக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தார். அப்படியே போடுங்கள் என்றேன். மேட் தாள், பன்னிரண்டுக்குப் பதினெட்டு.